அணிகணினிக்கு வன்பொருளும் இயங்குதளமும் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடலில் அணிந்துகொள்ளும் கணினியைச் சொந்தமாகக் கட்ட விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதல் இரண்டும் அலமாரியில் இருக்கின்றன. மூன்றாவதை அன்றாடம் அணிகிறேன். முதல் இரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்று யோசித்ததில் கிடைத்த பாடங்கள்தான் கீழே பல பதில்களில் இருக்கின்றன.

அணிகணினி என்றால் ஸ்மார்ட் வாட்ச்தானே?

ஸ்மார்ட் வாட்ச்சும் அதில் ஒரு வகை. நான் இங்கே பேசுவது, நீங்கள் நடக்கும்போதும் வேறு வேலையில் இருக்கும்போதும் ஓடிக்கொண்டே இருக்கிற, பையிலிருந்து எடுத்துத் திறக்கத் தேவையில்லாத, உங்கள் விருப்பப்படி நிரல் எழுதிக்கொள்ள இடம் தருகிற கணினியைப் பற்றி.

இந்த யோசனை பழையது. 1961-இல் எட்வர்ட் தார்ப் என்ற கணிதப் பேராசிரியரும், தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானனும் சேர்ந்து, சூதாட்ட விடுதியின் ரூலெட் சக்கரத்தில் பந்து எந்தப் பக்கம் விழும் என்று கணிக்கும் ஒரு கருவியைச் செய்தார்கள். சிகரெட் பெட்டி அளவுதான் இருக்கும். ஷூவுக்குள் கால் பெருவிரலால் அழுத்தும் சுவிட்ச்தான் உள்ளீடு. காதில் கேட்கும் ஓசைதான் வெளியீடு. 1980-களில் ஸ்டீவ் மான் என்ற கண்டுபிடிப்பாளர் கேமராவும் திரையும் தலையில் மாட்டிக்கொண்டு நடந்தார். தாட் ஸ்டார்னர் என்ற ஆய்வாளர் 1993 முதல் அன்றாட வாழ்க்கையிலேயே கண் முன் ஒரு திரை, கையில் ஒரு விசைப்பலகை என்று இருந்துவருகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே குறிப்பெடுப்பதும் பழைய குறிப்பைத் தேடுவதும் அவருடைய முக்கியமான பயன்பாடு.

இவர்களில் யாரும் "நல்ல போர்டு கிடைத்தது, இதை வைத்து என்ன செய்யலாம்?" என்று தொடங்கவில்லை. முதலில் ஒரு வேலை இருந்தது. கருவி அதற்குப் பிறகு வந்தது.

சரி, எந்த போர்டு வாங்கலாம்?

போர்டு என்றால் செயலியும் நினைவகமும் பொருத்திய மின்சுற்றுப் பலகை. எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். போர்டை முதலில் வாங்காதீர்கள் என்பதே என் பதில். நானும் முதல் முறை போர்டைத்தான் முதலில் வாங்கினேன். அப்புறம் அதற்குப் பொருந்தும் திரையைத் தேடி, திரைக்குப் பொருந்தும் பேட்டரியைத் தேடி, கடைசியில் இடுப்பில் தொங்கவே முடியாத எடையில் வந்து நின்றது.

வரிசையைத் தலைகீழாக வையுங்கள். முதலில் என்ன வேலை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பது. அடுத்து, அந்த வேலைக்குக் கண் வேண்டுமா, காது போதுமா, மணிக்கட்டில் ஒரு அதிர்வு போதுமா என்பது. அதற்கடுத்து, உங்கள் கை அப்போது காலியாக இருக்குமா என்பது. இந்த மூன்றையும் முடிவு செய்தால் திரையும் உள்ளீட்டுக் கருவியும் தாமாகவே தெரிந்துவிடும். அவற்றுக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கணக்குப் போட்டபின், எஞ்சியதில் ஓடக்கூடிய போர்டைத் தேடுங்கள். இயங்குதளம் பெரும்பாலும் போர்டுடனேயே முடிவாகிவிடும்.

முடிவு செய்தாகிவிட்டது. இப்போதாவது போர்டைச் சொல்லுங்கள்.

பெரிய பிரிவு ஒன்றுதான்: குறைந்த மின்சாரத்தில் சின்ன வேலைகளைச் செய்யும் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரா, முழு இயங்குதளமான லினக்ஸ் ஓடும் போர்டா.

அடிகளை எண்ணுவது, அறிவிப்பைக் காட்டுவது, பொத்தானை அழுத்தினால் குரலைப் பதிவது, நேரம் பார்த்து அதிர்வது போன்ற வேலைகளுக்கு மைக்ரோகன்ட்ரோலர் போதும். ஈஎஸ்பி32 சிப்பில் 240 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இரண்டு கோர்கள், 520 கிலோபைட் நினைவகம், வைஃபை, புளூடூத் எல்லாம் இருக்கின்றன. ஆழ்ந்த உறக்கத்தில் அது இழுப்பது பத்து மைக்ரோஆம்பியர் அளவுதான், ஆனால் வைஃபை பேசும்போது நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியர் கேட்கும். வைஃபை தேவையில்லை, புளூடூத் மட்டும் போதும் என்றால் நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52840 சிறந்த தேர்வு: 64 மெகாஹெர்ட்ஸ், ஒரு மெகாபைட் ஃபிளாஷ், 256 கிலோபைட் நினைவகம். காதிலோ மணிக்கட்டிலோ இருக்கவேண்டிய எதற்கும் நான் இதைத்தான் எடுப்பேன்.

எழுதுவது, தேடுவது, இணையப் பக்கம் திறப்பது, படத்தை அலசுவது என்று வந்தால் லினக்ஸ் போர்டு வேண்டும். ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ அணிவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்: 65-க்கு 30 மில்லிமீட்டர், நான்கு கோர்கள், 512 மெகாபைட் நினைவகம். சும்மா இருக்கும்போது அரை வாட்டை ஒட்டியும், நான்கு கோர்களும் முழுமூச்சாக ஓடும்போது இரண்டு வாட்டுக்கு மேலும் கேட்கும். குறை அந்த 512 மெகாபைட்தான். இன்றைய இணைய உலாவி ஒன்றைத் திறந்தாலே மூச்சு வாங்கும். முனையத்தில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் உரைத் திரையில், வேலை செய்கிறவருக்கு அது ஒரு குறையே இல்லை.

ராஸ்பெர்ரி பை 5 வேண்டும் என்று சிலர் பிடிவாதமாக இருப்பார்கள். வேகம் நிஜம்தான். ஆனால் சும்மா இருக்கும்போதே சில வாட் கேட்கும், வேலை செய்யும்போது மின்விசிறி வேண்டும், முழுத் திறனுக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் தரும் மின்மூலம் வேண்டும். சட்டைக்கு அடியில் மின்விசிறி என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டையும் சேர்த்து வைக்கலாமா?

வைக்கலாம். என் மூன்றாவது கணினி அப்படித்தான் இருக்கிறது. எப்போதும் விழித்திருக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், தேவைப்படும்போது மட்டும் மின்சாரம் பெறும் ஒரு லினக்ஸ் போர்டு. பொத்தான், நேரம், சென்சார், பேட்டரி அளவு எல்லாம் சின்னதன் பொறுப்பு. பெரியது முழுவதுமாக அணைந்திருக்கும். சின்னது ஒரு டிரான்சிஸ்டர் வழியாகப் பெரியதன் மின்சாரத்தை இணைக்கும். அணைக்கும்போது மட்டும் கவனம் வேண்டும்: முதலில் லினக்ஸை முறையாக மூடச் சொல்லி, அது மூடியதை உறுதி செய்துகொண்டு, அதன் பிறகுதான் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

கூடுதல் வேலைதான். ஆனால் ராஸ்பெர்ரி பையில் மடிக்கணினிபோல நினைவகத்தை மட்டும் விழிப்பில் வைத்துவிட்டு உறங்கும் வசதி கிடையாது என்பதால், நாள் முழுக்கத் தாங்க வேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து இதுதான் நல்ல வழி.

பழைய ஆண்ட்ராய்டு போன் போதாதா?

பலருக்குப் போதும். போன் என்பது பேட்டரி, கம்பியில்லாத் தொடர்பு, சென்சார், கேமரா, மிகச் சிறந்த மின்சேமிப்பு எல்லாம் சேர்த்து அடக்கமாகச் செய்யப்பட்ட கணினி. உறங்குவதிலும் விழிப்பதிலும் நீங்கள் கட்டும் எதுவும் அதன் பக்கத்தில் நிற்காது. போனில் லினக்ஸ் கட்டளைகளை ஓட்டும் டெர்மக்ஸ் செயலியை நிறுவினால் பைத்தான் நிரல்மொழி, மூலநிரலின் மாற்றங்களைப் பதியும் கிட், தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் எல்லாம் கைக்கு வந்துவிடும். புளூடூத் விசைப்பலகை ஒன்றைச் சேர்த்தால் பாதிக் கணினி தயார்.

இரண்டு சிக்கல்கள் உண்டு. ஆண்ட்ராய்டு பின்னணியில் ஓடும் நிரல்களைத் தன் விருப்பத்துக்கு நிறுத்திவிடும். பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்து உங்கள் செயலிக்கு விலக்கு கொடுத்தாலும் சில தயாரிப்பாளர்களின் போன்கள் கேட்பதில்லை. மற்றொன்று, மூக்குக்கண்ணாடிபோல் அணியும் திரையை இணைக்க வேண்டுமென்றால் யூஎஸ்பி-சி வழியாகக் காட்சியை வெளியே அனுப்பும் வசதி போனில் இருக்க வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் இது இருக்காது. வாங்கும் முன் அந்த மாடலுக்கு 'டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்' உண்டா என்று பாருங்கள். துளையின் வடிவத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஆண்ட்ராய்டே வேண்டாம், போனில் முழு லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு ஆல்பைன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இருக்கிறது. உங்கள் மாடலில் எது ஓடும், எது ஓடாது என்பதை அவர்களுடைய பட்டியலில் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

விண்டோஸ் அல்லது சாதாரண பிசி நிரல்கள் ஓட வேண்டும். வழி உண்டா?

கையடக்க கேமிங் கணினிகளைப் பாருங்கள். 2022-இல் வந்த ஸ்டீம் டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி, யூஎஸ்பி-சி காட்சி வெளியீடு, ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம் எல்லாம் தயாராக இருக்கின்றன. உறக்கமும் ஒழுங்காக வேலை செய்கிறது. எடை 670 கிராமை ஒட்டி வருவதால் இடுப்பில் கட்ட முடியாது, தோள்பையில் போட்டுக்கொள்ளலாம். காற்று போகும் துளைகளைப் பையின் துணி மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

இதற்கு நிதானமாகக் கணக்குப் போடுங்கள். பவர் பேங்கின் மேல் 10,000 மில்லிஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், அது உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில் எழுதிய எண். உங்களுக்கு வேண்டியது 5 வோல்ட். எனவே மில்லிஆம்பியரை மறந்துவிட்டு வாட்-மணியில் யோசியுங்கள்: 10 ஆம்பியர்-மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி. மின்னழுத்தத்தை உயர்த்தும்போது ஒரு பங்கு சூடாகப் போகும். நூற்றுக்கு எண்பத்தைந்து கைக்கு வரும் என்று வைத்தால் 31 வாட்-மணி.

இப்போது செலவு. போர்டு சராசரியாக 1 வாட், திரை 1 வாட், எட்டு மணி நேரம் என்றால் 16 வாட்-மணி. 10,000 பவர் பேங்க் தாராளமாகத் தாங்கும். 5,000 என்றால் கைக்கு வருவது ஏறத்தாழ 15.7 வாட்-மணி, கணக்கில் கிட்டத்தட்ட சரியாக இருக்கும், நடைமுறையில் கடைசி அரை மணி நேரம் இருட்டாகிவிடும். பேட்டரி வயதாக வயதாக அளவும் குறையும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக வைப்பது என் வழக்கம்.

மைக்ரோகன்ட்ரோலர் என்றால் இந்தக் கணக்கே வேறு. சராசரி அரை மில்லிஆம்பியர் என்று ஓடும் கருவிக்கு 200 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 400 மணி நேரம், அதாவது பதினாறு நாள் வரும். விரல் நகம் இரண்டு சேர்ந்த அளவு பேட்டரி அது.

விமானத்தில் எடுத்துப்போகிறவர்கள் கவனிக்க: பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக் கூடாது. 100 வாட்-மணிக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறதே?

மின்னோட்டம் மிகக் குறைந்தால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து அது அணைந்துவிடும். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி முறை உள்ள பவர் பேங்க்கைத் தேடுங்கள். ஒரு பவர் பேங்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் கணினி அணையாமல் இருக்க, இடையில் சின்ன லித்தியம் பேட்டரி உள்ள யூபிஎஸ் போர்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். தனி செல்லை வாங்கி இணைக்கிறவர்கள் பாதுகாப்புச் சுற்று உள்ள செல்லையே வாங்குங்கள். உப்பிய செல்லை ஒரு நாள்கூட உடம்பில் வைக்காதீர்கள். அழுத்தி உள்ளே தள்ளவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். கழற்றி, பேட்டரிக் கழிவை எடுத்துக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

தோலில் படும் இடம் சுடுகிறது. எவ்வளவு வரை பரவாயில்லை?

43, 44 டிகிரி செல்சியஸ் உள்ள பொருள்கூடப் பல மணி நேரம் தோலை ஒட்டியே இருந்தால் தோலைக் கெடுக்கும். தொட்டுப் பார்த்தால் இதமாகத்தான் இருக்கும், அதில்தான் ஆபத்து. வெளிப்பக்கம் 40-ஐத் தாண்டாமல் இருக்கும்படி அமைக்கவே நான் முயல்கிறேன். சிப்பின் உள்வெப்பநிலை 70 என்று காட்டினால் பதற வேண்டாம். உடம்பைத் தொடும் பரப்பைத் தனியாக அளந்து பாருங்கள். சூடாகும் பக்கம் உடம்புக்கு எதிர்ப்புறம் பார்க்கட்டும். உடம்புப் பக்கம் காற்று போக இடைவெளி விடும் வலைத்துணியோ மெல்லிய ஃபோமோ இருக்கட்டும். சிப்பின் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் நல்லதுதான். ஜீரோ 2 டபிள்யூவை 1 கிகாஹெர்ட்ஸுக்குப் பதில் 600 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் உரை வேலையில் வித்தியாசமே தெரியாது.

எந்தத் திரை?

இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டாவது கணினி திரையால்தான் தோற்றது. இரு கண்ணையும் மூடும் பெரிய காட்சி எடுத்தேன். உட்கார்ந்திருக்கும்போது அருமையாக இருந்தது. நடக்கும்போது கழற்றி நெற்றியில் ஏற்ற வேண்டியிருந்தது. கழற்ற வேண்டியிருந்தால் அதை அணிகணினி என்று எப்படிச் சொல்வது?

நடந்துகொண்டே பார்க்க வேண்டுமென்றால் ஒற்றைக் கண்ணுக்கு முன் நிற்கும் சின்னத் திரைதான் சரி. அதையும் நேர்ப்பார்வையில் வைக்காமல் சற்று மேலேயோ கீழேயோ வைக்க வேண்டும். 2013-இல் முதல் பயனர்களுக்கு வந்த கூகுள் கிளாஸும் படத்தை வலக்கண்ணுக்குச் சற்று மேலே வைத்தது இதற்குத்தான். உங்களுக்கு ஆதிக்கக் கண் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்: தூரத்துப் பொருளை விரலால் சுட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடும்போது விரல் நகர்வதுபோல் தெரிகிறதோ அதுதான் ஆதிக்கக் கண். சிலருக்கு அந்தக் கண்ணில் திரை இருந்தால் வசதி, சிலருக்கு மறு கண்ணில். இரண்டையும் ஒரு வாரம் முயன்று பார்த்துத்தான் சொல்ல முடியும். சாலையைக் கடக்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். இதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

உட்கார்ந்து வேலை செய்வதற்கு என்றால் கடைகளில் இப்போது கிடைக்கும் இரு கண் கண்ணாடித் திரைகள் நன்றாக இருக்கின்றன. யூஎஸ்பி-சி ஒரே கம்பியில் காட்சி, மின்சாரம் இரண்டும் வாங்கிக்கொள்ளும். ராஸ்பெர்ரி பையில் வெளியே வருவது எச்டிஎம்ஐ என்பதால் இடையில் ஒரு மாற்றி வேண்டும், அந்த மாற்றிக்கும் மின்சாரம் வேண்டும். இதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

மணிக்கட்டில் என்றால் ஓஎல்இடி பளிச்சென்று இருக்கும், ஆனால் எரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்சாரம் கேட்கும்; ஒரே படத்தை மாதக்கணக்கில் காட்டினால் தழும்பும் விழும். வெயிலில் படிக்க வேண்டும், எப்போதும் தெரிய வேண்டும் என்றால், படத்தைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் மெமரி எல்சிடிதான். பெபிள் என்ற ஸ்மார்ட் வாட்ச்கள் ஒரு சார்ஜில் சுமார் ஒரு வாரம் ஓடியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மின்தாள் திரை படம் மாறாதவரை மின்சாரமே கேட்காது, ஆனால் தட்டச்சுக்கு ஒத்துவராது.

நடந்துகொண்டே எப்படித் தட்டச்சு செய்வது?

ஒற்றைக் கையில் பிடிக்கும் கூட்டுவிசைப் பலகை. பியானோவில் பல விசைகளைச் சேர்த்து அழுத்துவதுபோல இரண்டு மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் ஒரு எழுத்து. ஸ்டார்னர் பயன்படுத்திய டுவிட்லர் இந்த வகைதான். முதல் வாரம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம் பழகினால் பார்க்காமலே விரல் போகும். பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம். புளூடூத் விசைப்பலகையாகத் தன்னை அறிவித்துக்கொள்ள வைத்தால் போனோ லினக்ஸ் போர்டோ எதிலும் இணையும்.

குரல் எளிதுதான், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது பலர் பேசத் தயங்குவார்கள். இணையம் இல்லாமல் போர்டிலேயே பேச்சை எழுத்தாக்க வேண்டுமென்றால் ஜீரோ 2 டபிள்யூவில் உடனுக்குடன் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறிப்பைப் பதிவு செய்துவைத்துப் பிறகு எழுத்தாக்கினால் போதும் என்றால் செய்யலாம்.

லினக்ஸில் எந்த வகை?

தொடங்குகிறவருக்கு ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட். டெபியன் அடிப்படை, வரைகலைப் பின்னணி இல்லாதது, சிக்கல் வந்தால் உதவி கிடைப்பது எளிது. இன்னும் மெலிதாக வேண்டுமென்றால் டயட்பை. முழு இயங்குதளத்தையும் நினைவகத்தில் ஏற்றி ஓட்ட வேண்டுமென்றால் ஆல்பைன். ஆனால் அது மசில் என்ற வேறு சி நூலகத்தைப் பயன்படுத்துவதால் சில தயார் நிலை நிரல்கள் ஓடாது.

பில்ட்ரூட், யாக்டோ என்று சொல்வார்கள். உங்களுக்கு வேண்டிய நிரல்களை மட்டும் வைத்து இயங்குதளத்தையே நீங்கள் சமைத்துக்கொள்ளும் கருவிகள் அவை. சில விநாடிகளில் தொடங்கும் அமைப்பை பில்ட்ரூட்டில் செய்துவிடலாம். ஆனால் ஒரு சின்ன நிரலைச் சேர்க்கவும் மறுபடி கட்டி அட்டையில் எழுத வேண்டிவரும். கணினியின் வேலை என்ன என்பது மாறிக்கொண்டே இருக்கும் முதல் சில மாதங்களில் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

தொடங்க அரை நிமிடம் ஆகிறது. குறைக்க முடியுமா?

லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் systemd-யில் தொடக்க நேரத்தைப் பிரித்துக் காட்டும் கட்டளை இருக்கிறது. அதை ஓட்டி எது நேரம் தின்கிறது என்று பாருங்கள். வலைப்பின்னல் இணையும்வரை காத்திருக்கும் சேவைதான் பெரும்பாலும் முதலிடத்தில் இருக்கும். அதை நிறுத்தி, நீங்கள் பயன்படுத்தாத மோடம், அச்சு சேவைகளையும் நிறுத்தினால் பாதியாகக் குறையலாம்.

நினைவக அட்டை அடிக்கடி கெட்டுப்போகிறது. ஏன்?

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதுதான் முக்கியக் காரணம். உடம்பில் இருக்கும் கணினியில் கம்பி கழல்வது தினமும் நடக்கும். முதல் கணினியில் மூன்று மாதக் குறிப்புகளை இப்படி இழந்தேன். அதற்குப் பிறகு இரண்டு காரியம் தவறாமல் செய்கிறேன். இயங்குதளப் பகுதியைப் படிக்க மட்டும் என்று ஆக்கி, மாற்றங்கள் அட்டையில் எழுதப்படாமல் ரேமில் மட்டும் இருக்கும்படி ஓவர்லே முறையை இயக்குகிறேன். ராஸ்பெர்ரி பையின் அமைப்புக் கருவியிலேயே இந்தத் தெரிவு இருக்கிறது. குறிப்புகளுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அட்டையில் உடனே எழுதச் சொல்கிறேன். வைஃபை கிடைத்ததும் அவை வீட்டுக் கணினிக்கும் போய்விடும்.

நேரம் தப்பாகக் காட்டுகிறதே?

ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய பை போர்டுகளில் அணைந்திருக்கும்போதும் ஓடும் கடிகாரம் இல்லை. ஐந்தில் இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு சின்ன பேட்டரி இணைக்க வேண்டும். மற்றவற்றில் டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றை ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பு வழியாக இணையுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு என்ன இயங்குதளம்?

ஃப்ரீஆர்டிஓஎஸ் அல்லது செஃபிர். 2003-இல் தொடங்கிய ஃப்ரீஆர்டிஓஎஸ் மிகச் சிறியது: பணிகளை அட்டவணைப்படி ஓட்டும், அவற்றுக்கிடையே செய்தி அனுப்பும், அவ்வளவுதான். ஈஎஸ்பி32-இன் அதிகாரபூர்வக் கருவித்தொகுப்பு அதன்மேல்தான் நிற்கிறது. லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016-இல் வந்த செஃபிரில் புளூடூத், சென்சார் இயக்கிகள், மின்சேமிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். கற்க நேரம் எடுக்கும், ஆனால் நார்டிக் சிப்பில் அதுதான் ராஜபாட்டை.

முதல் மாதிரிக்கு, மைக்ரோகன்ட்ரோலரில் ஓடும் பைத்தானான மைக்ரோபைத்தானிலேயே எழுதிப் பாருங்கள். மாலையில் யோசித்தது இரவுக்குள் கையில் ஓடும். நாள் முழுக்க அணியும் நிலை வந்தபின் சி மொழிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடிகாரத்தையே வாங்கி, உள்ளே உள்ளதை மாற்ற முடியுமா?

முடியும். பைன்டைம் கடிகாரத்தில் என்ஆர்எஃப்52832 சிப், 240-க்கு 240 புள்ளித் திரை. இன்ஃபினிடைம் என்ற திறந்த மென்பொருள் அதில் ஓடுகிறது. பேங்கிள்.ஜேஎஸ் 2-இல் ஜாவாஸ்கிரிப்டிலேயே செயலி எழுதலாம். கூகுளின் வேர் ஓஎஸ் ஓடும் பழைய கடிகாரங்கள் சிலவற்றில் ஆஸ்டராய்டு ஓஎஸ் ஏறும். பெபிளின் இயங்குதள மூலநிரலை 2025 ஜனவரியில் கூகுள் திறந்துவிட்டது. சாலிடரிங் இரும்பைத் தொட விரும்பாதவர்களுக்கு இந்த வழியைத்தான் சொல்வேன்.

தமிழ் எழுத்து சரியாகத் தெரியுமா?

லினக்ஸின் வரைகலைச் சூழலில் தெரியும். தமிழ் எழுத்துரு ஒன்றை நிறுவினால் போதும். ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் எழுத்துகளைச் சரியாகக் கோத்துவிடும். ஆனால் வரைகலை இல்லாத வெறும் லினக்ஸ் கன்சோலில் தெரியாது. அது அதிகபட்சம் 512 வடிவங்களையே வைத்துக்கொள்ளும், எழுத்துகளைக் கோக்கவும் தெரியாது. முழுத்திரை முனையச் செயலி ஒன்றை மட்டும் ஓட்டும் மெல்லிய வரைகலைச் சூழல் வைத்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலரில்தான் உண்மையான சிக்கல். யூனிகோடில் 'கெ' என்பது முதலில் க, அதன்பின் ஒற்றைக் கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. சின்னத் திரை நூலகங்கள் சேமித்த வரிசையிலேயே வரைவதால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 'கொ' என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் வர வேண்டும், அதுவும் வராது. நான் செய்தது இது: ெ, ே, ை மூன்றையும் வரையும் முன் மெய்க்கு முன்னால் நகர்த்துவது, ொ, ோ, ௌ மூன்றையும் இரண்டாகப் பிரிப்பது, கு, கூ, டி, டீ போன்று வடிவம் மாறும் உயிர்மெய்களுக்குத் தனிப் படங்கள் வைத்துக்கொள்வது. நூறு வரி நிரலுக்குள் முடிந்துவிட்டது. நம் எழுத்தில் கூட்டெழுத்துகள் மிகக் குறைவு என்பது பெரிய வசதி. அந்தச் சின்னத் திரையில் முதல்முறை தமிழ் வரி ஒன்று பிசகில்லாமல் வந்த இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

புளூடூத் விட்டு விட்டு வருகிறது.

நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். கணினி இடது பின்பையிலும் ஹெட்செட் வலது காதிலும் இருந்தால் அலை உடம்பைத் தாண்ட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். ஆன்டெனா உள்ள முனை தோலிலிருந்து சற்று விலகியிருக்கட்டும், உலோகப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம்.

வியர்வை, மழை, கம்பி?

தார்ப்பும் ஷானனும் 1961-இல் பட்ட பெரிய தொல்லை காதுக்குப் போகும் மெல்லிய கம்பி அறுந்துகொண்டே இருந்தது. இன்றும் அணிகணினியில் முதலில் போவது கம்பிதான். பல நுண்ணிழைகள் கொண்ட சிலிக்கோன் உறைக் கம்பி வாங்குங்கள். இணைப்பான் செங்கோணத்தில் திரும்பியதாக இருக்கட்டும். கம்பி உள்ளே நுழையும் இடத்துக்கு முன்பே பெட்டியில் கட்டிவிடுங்கள். இழுவிசை சாலிடர் மேல் விழவே கூடாது.

வியர்வை உப்புநீர். மின்சாரம் ஓடும் செம்பில் அது பட்டால் சில வாரங்களில் பச்சை பூக்கும். போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு அடியுங்கள், ஆனால் இணைப்பான்களையும் ஒலிவாங்கித் துளையையும் முதலில் ஒட்டுநாடாவால் மூடிக்கொள்ளுங்கள்.

தொலைந்துபோனால் உள்ளே இருப்பது யார் கைக்கும் போகுமே?

குறிப்புப் பகுதியை, கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்துவிடுங்கள். ராஸ்பெர்ரி பை 4 வரையிலான போர்டுகளின் செயலியில் ஏஇஎஸ் மறையாக்கத்துக்கான தனிக் கட்டளைகள் இல்லாததால் வழக்கமான முறை மெதுவாக இருக்கும். இப்படிப்பட்ட செயலிகளுக்கென்றே கூகுள் உருவாக்கிய அடியான்டம் முறையைத் தேர்ந்தெடுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். கடவுச்சொல்லைக் கூட்டுவிசைப் பலகையில் அடிக்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேமரா சேர்க்கலாமா?

தேவை உறுதியாக இருந்தால் மட்டும். எதிரில் இருப்பவருக்கு நீங்கள் படம் எடுக்கிறீர்களா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்ன விளக்கு வையுங்கள். அந்த விளக்கை மென்பொருளால் இயக்காமல், கேமராவுக்கு மின்சாரம் போகும் கம்பியிலேயே இணையுங்கள். அப்போது கேமரா விழித்திருக்கும் நேரமெல்லாம் விளக்கும் எரியும், நிரலில் பிழை வந்தாலும் எரியும். லென்ஸை மூடும் நழுவு மூடி ஒன்றும் வையுங்கள். நான் யாரையாவது சந்திக்கும்போது மூடியை அவர் பார்க்கும்படியே சாத்திவிட்டுப் பேசத் தொடங்குகிறேன்.